இடம் பொருள் ஏவல் அறிந்து பேச மாணவருக்குக் கற்பிப்பது எப்படி?

வேற்றுமொழியைக் கற்பவர் வினைமுற்றில் தவறினால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். வேண்டுகோளைக் கட்டளைபோலச் சொல்லிவிட்டாலோ, மரியாதை தெரியாதவர் என்றே எண்ணிவிடுவார். இலக்கணம் சுத்தமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வேண்டுமென்றே அப்படிப் பேசினார் என்று தோன்றும். ஆகவே இடம் பொருள் ஏவல் அறிந்து பேசுவதைத் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும்.

ஒரு வகுப்புக்கு ஒரே பேச்சுச்செயல், அதாவது பேச்சால் செய்யும் ஒரு செயல், போதும். உதவி கேட்பதை எடுத்துக்கொள்வோம். பணிவுப் பேச்சை ஆராய்ந்த பிரவுனும் லெவின்சனும் வகுத்த மூன்று அளவைகள் இங்கே கைகொடுக்கும்: அதிகாரம், நெருக்கம், கேட்பதன் சுமை. நண்பரிடம் பேனா இரவல் கேட்பதில் தொடங்குங்கள். அடுத்து ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நண்பருக்குப் பதில் மேலதிகாரி, அல்லது முன்பின் அறியாதவர், அல்லது பேனாவுக்குப் பதில் மடிக்கணினி. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் பேச்சு மாறியது என்பது மாணவருக்குப் பிடிபடாது.

எடுத்த எடுப்பில் பேசச் சொல்லாதீர்கள். அம்மொழியினர் இயல்பாகப் பேசிய 2 அல்லது 3 சிறு ஒலிப்பதிவுகளைக் கேட்கச் செய்யுங்கள். பாடநூல் உரையாடல்கள் பெரும்பாலும் இதற்கு உதவா. எப்படி விளித்தார், எதைச் சொல்லித் தொடங்கினார், உதவி கேட்பதற்கு முன் காரணத்தைச் சொன்னாரா பின் சொன்னாரா, எங்கே தயங்கினார் என்று குறிக்கட்டும். தம் தாய்மொழியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதட்டும். வேறுபாடு அங்கேதான் கண்ணில் படும்.

பிறகு இருவர் இருவராக நடிக்கட்டும். உதவுபவரிடம் மட்டும் "உடனே சம்மதிக்காதே" என்று எழுதிய அட்டையைக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் உரையாடல் இரண்டு வரியில் முடிந்துவிடும். மீண்டும் கேட்பதா, விட்டுவிடுவதா என்ற கடினமான கட்டம் வரவே வராது.

திருத்தும்போது இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பாருங்கள். மொழியியலாளர் ஜெனி தாமஸ் 1983இல் காட்டிய வேறுபாடு இது. பணிவாகக் கேட்க விரும்பியும் அதற்கான தொடர் தெரியவில்லையென்றால் தொடரைக் கொடுத்தால் போதும். தொடர் தெரிந்தும் இந்த இடத்தில் தேவையில்லை என்று எண்ணினால், அது அவர் வளர்ந்த சமூகத்தின் கணிப்பு. அதைத் தவறு என்று அடிக்காதீர்கள். கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று விளக்கி, முடிவை மாணவரிடமே விடுங்கள்.

பணிவுத் தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. நெருங்கிய நண்பரிடம் அவற்றை அடுக்கினால் கோபமாக இருப்பதாகவோ கிண்டல் செய்வதாகவோ படும். எழுத்துத் தேர்வை மட்டும் நம்பவும் கூடாது. யோசிக்க நேரம் கிடைத்தால் நன்றாக எழுதுபவர்கூட நேர்ப்பேச்சில் தடுமாறுவார், குரலின் ஏற்ற இறக்கமோ தாளில் தெரியாது. ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றிப் புதிய சூழல் ஒன்றைக் கொடுத்துப் பேசவைத்துப் பாருங்கள்.