வீக் குறியீட்டின் சார்பு முகவரியைச் சோதிப்பது எப்படி

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தைக்கு சி மொழி படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: ஊகிக்காதீர்கள், கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து பாருங்கள்.

ஒரு ஃபங்ஷனுக்கு வீக் (வலுக்குறைந்த) பண்பைக் கொடுத்து, அதே கோப்பிலிருந்து அழையுங்கள்; இப்போது அதன் பெயர் ஒரு வீக் குறியீடு. லிங்க் செய்யாமல் கம்பைல் மட்டும் செய்து, ஆப்ஜெக்ட் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பை (objdump) டி, ஆர் (-d, -r) தெரிவுகளுடன் ஓட்டுங்கள். அழைக்கும் இடத்திலிருந்து ஃபங்ஷனுக்கு உள்ள இடைத்தூரம், அதாவது சார்பு முகவரி, அசெம்பிளருக்குத் தெரியும். இருந்தும் கணக்கை முடிக்காமல் லிங்கர் பிறகு நிரப்ப வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஒரு ரீலொகேஷன் பதிவை விட்டுவைத்திருக்கும். வீக் வரையறை, கொழும்பு இரவு பஸ்ஸில் கைக்குட்டை போட்டுப் பிடித்த இருக்கை: இன்னொரு கோப்பிலிருந்து வலுவான வரையறை வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். கம்பைலர் அதை இன்லைன் செய்யாததும், அதாவது அழைப்பின் இடத்தில் ஃபங்ஷனின் உடலையே வைக்காததும், இதனால்தான்.

உண்மையான தொல்லை, எந்தக் கோப்பிலும் வரையறை இல்லாத வீக் குறியீடு. நிலையாக லிங்க் செய்தால் அதன் முகவரி 0. எக்ஸ்86-64 செயலிகளில் சார்புத் தூரத்துக்கு 32 பிட்தான். இருபுறமும் ஏறத்தாழ 2 ஜிபி எட்டும். நிரலை அதற்கு அப்பால் வைத்தால் 0 எட்டாது, லிங்கர் பிழை காட்டும். எங்கும் ஏற்றக்கூடிய பிஐஇ நிரலில் நிலைமை இன்னும் மோசம்: 0 எவ்வளவு தூரம் என்றே முன்கூட்டித் தெரியாது. ஆகவே கம்பைலர் தரும் நிரல், முகவரிகளை வைத்திருக்கும் ஜிஓடி (GOT) அட்டவணையில் ஒரு கட்டத்தைப் படிக்கிறது. அதில் 0 இருக்கும். கையால் அசெம்பிளி எழுதும் வீரர்களும் அப்படியே செய்யுங்கள்.

அழைக்கும் முன் முகவரி 0 இல்லை என்று இஃப் வைத்துச் சோதிப்பது கட்டாயம். சந்தேகமானால் குறியீடுகளைப் பட்டியலிடும் என்எம் (nm) ஓட்டுங்கள்: சிறிய டபிள்யூ (w) தெரிந்தால் வரையறை இல்லை.