நிக்கான் எஸ்3 (2000), எஸ்பி (2005): வாங்குமுன் எதைச் சோதிப்பது, வாங்கியபின் எப்படிக் காப்பது

1957, 1958 ஆம் ஆண்டுகளில் வந்த எஸ்பி, எஸ்3 ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களை (இரு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்பவை) நிக்கான் பிற்காலத்தில் மீண்டும் செய்து, முதன்மையாக ஜப்பானியச் சந்தையில் விற்றது. செய்த எண்ணிக்கை: எஸ்3 வெள்ளி நிறத்தில் 8,000 (2000), கறுப்பில் 2,000 (2002), எஸ்பி கறுப்பில் மட்டும் 2,500 (2005). எஸ்3க்கு 4,80,000 யென், எஸ்பிக்கு 6,90,000 யென் விலை வைத்தார்கள். ஆகவே பெரும்பாலானவை பெட்டியிலேயே கிடந்தன. அதுதான் சிக்கலும். முழுக்க இயந்திர விசையில் ஓடும் கேமரா இருபது ஆண்டு அசையாமல் இருந்தால் எண்ணெய் கெட்டியாகும், ஷட்டரின் துணித் திரை மடிப்புக் கொள்ளும். 'பயன்படுத்தாதது' என்று விற்கப்படுவதை விட, மிதமாகப் பயன்பட்டு ஒருமுறை சர்வீஸ் ஆனதே நல்ல கொள்முதல். பெட்டியோடு அலமாரியில் வைக்க மட்டும் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

எது எது என்று அறிய

தொடர் எண் 63 என்று தொடங்கும் எஸ்3, 62 என்று தொடங்கும் எஸ்பி இரண்டும் பழையவை. லென்ஸைப் பார்த்தாலும் தெரியும். எஸ்3 (2000) உடன் வருவது நிக்கோர்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.4, எஸ்பி (2005) உடன் வருவது டபிள்யூ-நிக்கோர் 3.5 செ.மீ. எஃப் 1.8. இரண்டிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது, பழைய லென்ஸில் ஓரடுக்குத்தான். விளக்கைச் சாய்த்துக் காட்டினால் புதியதில் பல நிறப் பிரதிபலிப்புகள் தெரியும். ஃபில்டர் அளவு இரண்டுக்கும் 43 மி.மீ. இந்த அளவு மூடிகள் எளிதில் கிடைப்பதில்லை, ஆகவே அசல் மூடி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

எஸ்3-இன் வியூஃபைண்டரில் 35, 50, 105 மி.மீ. லென்ஸ்களின் எல்லை காட்டும் சட்டங்கள் எப்போதும் ஒன்றாகத் தெரியும், பாரலாக்ஸ் (வியூஃபைண்டரும் லென்ஸும் வேறிடத்திலிருந்து பார்ப்பதால் அருகில் வரும் விலகல்) திருத்தம் கிடையாது. கண்ணாடி அணிபவருக்கு 35 சட்டத்தின் ஓரங்கள் தெரியாமல் போகலாம். எஸ்பியில் 50, 85, 105, 135 சட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம், அவை பாரலாக்ஸுக்கு ஏற்ப நகரும். 28, 35க்குப் பக்கத்திலேயே தனி வியூஃபைண்டர். 35 மி.மீ. லென்ஸை அதிகம் பயன்படுத்துகிறவர் கூடுதல் பணம் கொடுத்து எஸ்பி எடுப்பது நியாயம்.

விற்பவரிடம் கேட்பது

ஜப்பானியக் கடைகளின் விளம்பரத்தில் சில சொற்களைக் கவனியுங்கள். 'மிஷியோ' என்றால் பயன்படுத்தாதது. 'கெஞ்ஜோஹின்' என்றால் உள்ளபடியே, உத்தரவாதமில்லை. 'தோசா மிகாகுனின்' என்றால் இயங்குகிறதா என்று பார்க்கவில்லை. கடைசி இரண்டும் இருந்தால் சர்வீஸ் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். லென்ஸ் பற்றி 'குமோரி' என்றால் மங்கல், 'கபி' என்றால் பூஞ்சை, 'பாருசாமு கிரே' என்றால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போனது. முதல் இரண்டையும் ஆரம்ப நிலையில் சுத்தம் செய்துவிடலாம். மூன்றாவது இருந்தால் விலகிவிடுங்கள்.

படங்கள் இவை வேண்டும்: பின்மூடி கழற்றிய நிலையில் துணித் திரை, ஷட்டரை ஏற்றும் முன்னும் பின்னும்; லென்ஸின் இரு பக்கமும் டார்ச் வெளிச்சத்தில்; தொடர் எண்; பெட்டி, தோலுறை, பட்டை, கையேடு, உத்தரவாத அட்டை எல்லாம் ஒரே படத்தில். கையேட்டிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உத்தரவாத அட்டையின் எண்ணும் உடலின் எண்ணும் பொருந்தாவிட்டால், வேறு வேறு தொகுப்புகளிலிருந்து சேர்த்தது என்று பொருள். இயக்கத்தில் குறை வராது, மறுவிற்பனை விலையில் வரும்.

அனுப்பும்போது பேட்டரி இல்லாததால் விமானத் தடை எதுவும் கிடையாது. உண்மை விலையை விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். சுங்கவரிக்குப் பயந்து குறைத்து எழுதினால், உடைந்து வந்தால் காப்பீட்டில் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

கையில் வந்ததும்

முதலில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். முடிவிலியில் (வெகுதொலைவுக்கான நிலை) ஒரு பூட்டு உண்டு, அதை அழுத்தாமல் பலம் காட்டினால் பல்சக்கரம் கெடும். கனமாக இருந்தால் காரணம் எங்கே என்பதில் இரு மாடல்களும் வேறு. எஸ் வரிசையில் 50 மி.மீ. லென்ஸுக்கென்று தனி ஹெலிகாய்டு (ஃபோகஸுக்காக லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுக் குழல்) இல்லை, அது உடலிலேயே இருக்கிறது. எஸ்3 கனமாகத் திரும்பினால் லென்ஸைப் பிரிப்பதில் பயனில்லை. உடலின் கிரீஸைத்தான் மாற்ற வேண்டும். எஸ்பியின் 35 மி.மீ. லென்ஸ் உடலின் வெளி வளையத்தில் மாட்டுவது, அதற்கு ஹெலிகாய்டு தன்னிடமே உண்டு. லென்ஸைக் கழற்றி உடலை மட்டும் திருப்பிப் பாருங்கள். இலகுவாக ஓடினால் குறை லென்ஸில். லென்ஸை மாட்டும்போதும் கழற்றும்போதும் லென்ஸும் உடலும் முடிவிலியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூர அளவு பிசகிப் பொருந்தும், ரேஞ்ச்ஃபைண்டர் கெட்டுவிட்டது என்று தவறாக நினைக்க நேரிடும்.

அடுத்து ஷட்டர். அடித்தட்டின் சாவிகளைத் திருப்பினால் பின்மூடி முழுதாகக் கழன்று வரும். லென்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, செல்பேசியில் நொடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) என்ற மெதுவோட்டத்தில் பின்னாலிருந்து பதிவு செய்யுங்கள். ஒரே புள்ளியைப் பார்த்து, அது திறந்ததிலிருந்து மூடும் வரை சட்டங்களை எண்ணுங்கள். 1 நொடிக்கு 240, 1/8க்கு 30, 1/30க்கு 8 வர வேண்டும். கால் பங்குக்குள் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. மெதுவேகங்கள் மட்டும் நீண்டால் அல்லது நடுவில் நின்றால், மெதுவேகச் சக்கரத் தொகுதியில் எண்ணெய் இறுகியிருக்கிறது. பத்து இருபது முறை ஓட்டிப் பார்த்தும் சரியாகாவிட்டால் சர்வீஸ்தான். வெளியிலிருந்து எண்ணெய் விடவே கூடாது, அது திரைக்கு ஊறிப்போகும்.

1/250க்கு மேல் செல்பேசியை நம்ப முடியாது. ஒரு ஃபிலிம் செலவழிப்பதே வழி. ஐஎஸ்ஓ 100 போட்டு, மேகமில்லாத வானத்தைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நான்கு படம் எடுங்கள்: 1/125 எஃப் 16, 1/250 எஃப் 11, 1/500 எஃப் 8, 1/1000 எஃப் 5.6. நான்கு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/1000 மட்டும் ஒரு ஓரத்தில் வெளிறியிருந்தால் இரு திரைகளின் வேகமும் பொருந்தவில்லை, இரண்டாவது முதலாவதை எட்டிப் பிடிக்கிறது. இது விசை இறுக்கத்தைச் சரிசெய்தால் தீரும். எந்த வேகத்திலும் ஒரே இடத்தில் சிறு கரும்புள்ளி விழுந்தால் திரையில் ஓட்டை.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரம் அல்லது கம்பத்தில் இரு பிம்பங்களும் ஒன்றாகின்றனவா என்று பாருங்கள். பிறகு பின்மூடியைத் திறந்து, உள் தண்டவாளங்களில் மங்கல் கண்ணாடியின் சொரசொரப்புப் பக்கம் லென்ஸை நோக்கும்படி வைத்து, ஷட்டரை 'டி'யில் (திறந்தே நிற்கும் நிலை) திறந்து, 1 மீட்டரில் சாய்த்து வைத்த அளவுகோலை எஃப் 1.4-இல் உருப்பெருக்கியால் பாருங்கள். அந்த இடத்தில் கூர்மையான ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ. தொலைவில் சரியாகவும் அருகில் பிசகாகவும் வந்தால், வெறும் முடிவிலித் திருகைத் தொட்டால் போதாது. எஸ் வரிசையில் அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஜெர்மனியின் ஸைஸ் ஐகான் செய்த பழைய கான்டாக்ஸ் கேமராவின் லென்ஸ்களும் இந்த உடலின் வளையத்தில் பொருந்தும். அகலக் கோண லென்ஸ்களில் பிரச்சினையில்லை. 50ம் அதற்கு மேலும் என்றால் இரு நிறுவனங்களின் ஃபோகஸ் அளவு சற்றே வேறுபடுவதால், முழுத் திறப்பில் அருகில் எடுக்கும் படங்கள் மென்மையாகும்.

வைத்துக் காக்க

தோலுறைக்குள் வைக்காதீர்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், லென்ஸில் பூஞ்சை அங்கிருந்துதான் வரும். உறையைத் தனியாகவும், கேமராவை 40 முதல் 50 சதவீத ஈரப்பதமுள்ள உலர்பெட்டியிலும் வையுங்கள். 30க்குக் கீழே போனால் உடலின் மேலுறை சுருங்கும், அதனால் சிலிக்கா ஜெல்லைக் கொட்டி நிரப்ப வேண்டாம். ஓர் ஈரப்பதமானி வாங்கினால் போதும்.

ஷட்டரை ஏற்றிய நிலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், விசை தளரும். மாதம் ஒருமுறை 1 நொடியிலிருந்து 1/1000 வரை ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து முறை அடியுங்கள்.

இவற்றில் எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பது போன்ற பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாததால் சூரிய ஒளி நேரே துணித் திரையில் குவியும். முடிவிலியில், திறந்த லென்ஸோடு கழுத்தில் தொங்கும் கேமரா வெயிலை நோக்கித் திரும்பினால், சில நொடிகளில் திரையில் ஓட்டை விழும். வெளியே இருக்கும்போது மூடி போட்டிருங்கள். மூடி கையிலில்லாவிட்டால் அபர்ச்சரை எஃப் 16க்கு மூடி, ஃபோகஸை அருகே கொண்டுவந்து வையுங்கள்.