பழைய ஜெட் ஸ்கீ: பேட்டரி மேல் பழி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் மச்சான் வைத்திருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓடும் பைக். பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “பேட்டரி போச்சு மாப்ள, புதுசு வாங்கிடலாம்” என்றார். மீட்டர் வைத்தேன்: 12.6 வோல்ட். பட்டனை அழுத்தும்போதும் 11-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி பாவம்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது நாலைத் தாண்டியது. பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயர்தான்! போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. வயரின் உறையைக் கீறினால் உள்ளே செம்பு கறுத்து, தொட்டாலே உதிர்ந்தது. உப்புத்தண்ணீர் வேலை. வயரை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன்.

இப்போது ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. டாங்கில் மாதக்கணக்கில் கிடந்த எத்தனால் பெட்ரோலை பாட்டிலில் பிடித்தால் அடியில் தண்ணீர் தனியாக நின்றது. வடித்துவிட்டுப் புது பெட்ரோல், புது பிளக். சரி, பிடித்துக்கொண்டது.

கரையில் எஞ்சினைக் குளிர்விக்க ஹோஸ் மாட்டி ஓட்டுபவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்தபிறகே குழாயைத் திறக்க வேண்டும்; நிறுத்தும்போது முதலில் குழாய், அப்புறம்தான் எஞ்சின். மாறினால் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறிவிடும்.