விதை போட்டு ப்ளாக் ஐட் சூசன் வளர்க்கலாம் வாங்க

அமெரிக்கால மேரிலாண்ட் பக்கம் கோடைல கார்ல போனா ரோட்டோரமா மஞ்சப் பூவா கும்பலா நிக்கும், நடுவுல கருப்பா ஒரு குமிழ் இருக்கும், அதான் இது. 1918லேருந்து அந்த மாநிலத்தோட பூவே இதுதான். தோட்டம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட ஈசியான பூச்செடி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

விதை வாங்கும்போது பாக்கெட்ல ருட்பெக்கியா ஹிர்ட்டான்னு இதோட அறிவியல் பேர் போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க, இதே பேர்ல துன்பெர்ஜியான்னு ஒரு கொடியும் விக்கிறாங்க, அது வேற.

இடம்தான் முதல்ல. தினம் 6 மணி நேரமாச்சும் நல்ல வெயில் விழணும், தண்ணி தேங்கக் கூடாது. மண்ணை லேசா கொத்திவிட்டாப் போதும். உரத்தை அள்ளிப் போடாதீங்க, செடி கொழுகொழுன்னு வளந்து சாஞ்சிடும்.

குளிர்காலத்தோட கடைசி ஃப்ராஸ்ட், அதாவது உறைபனி, முடிஞ்சதும் நேரா பாத்தியிலயே விதைக்கலாம், இல்லன்னா அதுக்கு 6லேருந்து 8 வாரம் முன்னாடியே வீட்டுக்குள்ள ட்ரேல போடலாம்.

இப்ப முக்கியமான விஷயம், விதை ரொம்பப் பொடிசு, முளைக்க வெளிச்சம் வேணும், அதனால மண்ணுக்குள்ள புதைக்கவே கூடாது. கொஞ்சம் மணலோட கலந்து மேலாப்ல தூவிட்டு உள்ளங்கையால மெல்ல அமுக்கி விடுங்க, அவ்ளோதான், மேல மண் போட வேண்டாம். தண்ணிய ஊத்தினா விதை எல்லாம் ஒரு ஓரமா அடிச்சுட்டுப் போயிடும், ஸ்ப்ரே பாட்டில்லயே அடிங்க, முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயவே கூடாது. 21 டிகிரி சூடு இருந்தா ஒண்ணுலேருந்து மூணு வாரத்துல முளை வந்துரும்.

முதல்ல ரெண்டு குட்டி இலை வழவழன்னு வரும். அடுத்து வர்ற இலையைத் தொட்டுப் பாருங்க, சொரசொரன்னு முடி இருக்கும், அப்படி இருந்தா களை இல்ல, நம்ம செடிதான். கொஞ்சம் வளந்ததும் ஒரு அடி, ஒன்றரை அடிக்கு ஒண்ணுன்னு விட்டுட்டு மத்ததைப் பிடுங்கி வேற இடத்துல நட்டுடுங்க. நெருக்கமா விட்டா காத்தோட்டம் இல்லாம இலைல வெள்ளையா பவுடர் மாதிரி பூஞ்சை வரும், அதனால தண்ணியும் அடிலயே ஊத்துங்க.

முதல் வருஷம் வெறும் இலையா தரையோட படர்ந்து இருந்தாலும் தயவுசெஞ்சு பிடுங்கிடாதீங்க! நிறைய செடி அடுத்த வருஷம்தான் பூக்கும். பூக்க ஆரம்பிச்சதும் வாடின பூவை உடனே கிள்ளிட்டே இருந்தா புதுசா வந்துக்கிட்டே இருக்கும். சீசன் கடைசில மட்டும் கொஞ்சத்தை அப்படியே விடுங்க, கோல்ட்ஃபின்ச் குருவிங்க விதை கொத்த வரும், கீழ விழறது தானா முளைக்கும். உங்களுக்கு விதை வேணும்னா குமிழ் நல்லா காஞ்சதும் வெட்டி பேப்பர் கவர்ல போட்டு உதறி எடுத்துக்கோங்க.