செம்பனைத் தோட்டத்துச் சிறுத்தைப்பூனையை இனங்காண்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் தெபால் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் இரவில் மோட்டார் சைக்கிளில் வருவோர், புள்ளி போட்ட பூனை ஒன்று வாய்க்காலைத் தாண்டி ஓடுவதைக் கண்டு, வீட்டுப்பூனை என்றோ மூசாங் (மரநாய்) என்றோ எண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள். மலாய்க்காரர்கள் 'கூச்சிங் பத்து' என்றழைக்கும் சிறுத்தைப்பூனையாகவும் அது இருக்கலாம். உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்ன எலிகள் வருகின்றன. எலிகளைத் தேடி இது வருகிறது. இரவில் கூகை செய்யும் அதே வேலையை இது தரையில் செய்கிறது.

முகத்தைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம், அது நின்று முகங்காட்டுவது அரிது. ஓடும்போது காதின் பின்புறத்தைப் பாருங்கள்: கறுப்புக் காதின் நடுவே வெள்ளைப் பொட்டு தெரிந்தால், அது சாதாரண வீட்டுப்பூனையன்று. உடல் வீட்டுப்பூனை அளவே இருந்தாலும் கால்கள் சற்று நீண்டும் தலை சிறுத்தும் இருக்கும். மூசாங்கிற்கோ முகம் கூம்பி, கால்கள் குட்டையாக, வால் ஏறக்குறைய உடலின் நீளத்திற்கு இருக்கும். டார்ச் விளக்கின் மேல் சிவப்புத்தாள் ஒட்டிக்கொண்டால் விலங்கு அவ்வளவாக மிரளாது.

மழை பெய்த மறுநாள் காலையில் வாய்க்கால் கரையோரச் சேற்றில் தடம் தேடலாம். நான் முதன்முதலில் கண்ட தடத்தில் நான்கு விரல்களும் வட்டமாகப் பதிந்திருந்தன. நகக்கீறல் ஒன்றுகூட இல்லை. நடக்கும்போது பூனையினம் நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். நாயின் தடத்தில் நகம் தெரியும், மூசாங்கின் தடத்தில் ஐந்து விரல்கள் பதியும். ஆனால் வீட்டுப்பூனையின் தடமும் இப்படியே இருக்குமாதலால், தடத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலில் குட்டிகளைக் காண நேர்ந்தால், அனாதைகள் என்று இரக்கப்பட்டுத் தூக்கி வருவதே நாம் செய்யும் பெரிய தவறு. தாய் பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பது குற்றம். குட்டி கத்தினாலும் தொடாமல், வந்த வழியே விலகிச் சென்று, அன்று அந்த வரிசையில் மட்டை வெட்ட வேண்டாமென்று வேலையாட்களிடம் சொல்லுங்கள். காயம்பட்டிருந்தால் மட்டும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவுக்குத் தெரிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை நாய்களைக் கட்டிவையுங்கள்.