கழுத்துல போடற பொம்மை டாலர் செய்றது எப்படி? (பாலிமர் க்ளே, கம்பி, மணி)

பொம்மை டாலர் செய்ற வீடியோ நிறைய இருக்கு, ஆனா முக்காவாசியில முகம் செய்றத மட்டும் நிதானமா காட்டிட்டு கடைசி பத்து செகண்ட்ல ஒரு ஐ பின்ன (ஒரு முனையில வளையம் வெச்ச சின்ன கம்பி) மண்டையில குத்தி பசை வெச்சு, அவ்ளோதான் செயின்ல மாட்டிக்கோங்கன்னு முடிச்சிடறாங்க. பிரச்சனை மொத்தமும் அந்த பத்து செகண்ட்லதான் இருக்கு. மேஜை மேல வெச்சா அழகா இருக்கற பொம்மை கழுத்துல ஏறினதும் தரையப் பாத்து குனியும், இல்ல பக்கவாட்டுல திரும்பி காத மட்டும் காட்டும், இல்லன்னா பின் கழண்டு பொம்மையே கீழ விழுந்துடும். எனக்கு ரொம்ப நாள் பிடிபடாம இருந்த விஷயம் இதுதான், அதனால இந்தப் பதிவுல கம்பியிலேருந்து ஆரம்பிக்கறேன், முகம் அப்புறம்தான் வரும்.

செய்யப் போற அளவு: தலை 2 செமீ, உடம்பு 2 செமீ, கை கால் எல்லாம் கோத்த மணி. களிமண் பிசையறது, உருட்டறதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கறேன்.

என்னென்ன வேணும்

பாலிமர் க்ளே (ஓவன்ல சுட்டா கெட்டியாகற பிளாஸ்டிக் களிமண்; ஃபிமோ ப்ரொஃபஷனல், ப்ரீமோ, செர்னிட் எந்த பிராண்டா இருந்தாலும் சரி), அலுமினிய ஃபாயில், 0.8 மிமீ பித்தளைக் கம்பி, 2 மிமீ கறுப்பு கண்ணாடி மணி ரெண்டு, கை காலுக்கு கொஞ்சம் மணி, ஜம்ப் ரிங் (திறந்து மூடற சின்ன கம்பி வளையம்), செயின். குறடு மூணு வேணும்: உருண்டை மூக்கு, கூர் மூக்கு, கம்பி வெட்டறது. இதுல காசு போடறதா இருந்தா வெட்டற குறடுல போடுங்க, முனை தட்டையா வெட்டலன்னா கம்பி கூரா நிக்கும், போட்டுக்கறவங்க துணியெல்லாம் இழுக்கும்.

க்ளேல என் சாய்ஸ் கெட்டியான வகைதான். குழந்தைங்களுக்குன்னு வர்ற ரொம்ப மெத்து வகை பிசைய சுகமா இருக்கும், ஆனா சின்ன முகத்துல மூக்க வெச்சுட்டு கன்னத்த தொட்டா மூக்கு நகந்துடும், சுட்ட பிறகும் மெல்லிசான இடம் பட்டுனு உடையும். டூல் செட்னு பத்து பன்னெண்டு குச்சி சேத்து விப்பாங்க, வேண்டாம். தடிச்ச தையல் ஊசி ஒண்ணு, முனையில குண்டு வெச்ச டாட்டிங் டூல் ஒண்ணு, சிலிகான் முனை ப்ரஷ் ஒண்ணு, நான் இந்த மூணுலயே எல்லா முகத்தையும் முடிக்கறேன். ஓவன் தெர்மாமீட்டர் மட்டும் தயவு செஞ்சு வாங்குங்க, ஏன்னு சுடற இடத்துல சொல்றேன்.

சொல்ல மறந்துட்டேன், இந்த க்ளேக்கும் பொம்மைக்கும் பழைய சொந்தம் இருக்கு. ஜெர்மனியில பொம்மை செஞ்ச கேத்தே க்ரூஸேவோட மகள்தான் இந்தப் பொருள கைவேலைக்குன்னு உருவாக்கினாங்க, 1964ல எபர்ஹார்ட் ஃபாபர் கம்பெனிக்கு வித்தாங்க, அதுதான் ஃபிமோ ஆச்சு. பொம்மை செய்ற வீட்டுலேருந்து வந்த பொருள்லதான் நாம பொம்மை செய்யறோம்னு நினைச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும்.

1. கம்பி

25 செமீ கம்பி வெட்டி நடுவுல மடிங்க. மடிச்ச இடத்த உருண்டை மூக்கு குறடுல சுத்தி 3 மிமீ வளையம் ஆக்குங்க. வளையத்த குறடுல பிடிச்சுக்கிட்டே கீழ ரெண்டு கம்பியையும் சேத்து 4 செமீ நீளத்துக்கு முறுக்குங்க. இதுதான் முதுகெலும்பு, கொக்கியும் இதேதான். மண்டை வழியா உடம்பு வழியா ஒரே கம்பி போறதால தலை கழண்டு வர்றதுக்கு வழியே இல்ல, எடைய பசை தாங்கல, கம்பி தாங்குது. கீழ மிச்சம் இருக்கற ரெண்டு முனையையும் விரிச்சு விடுங்க, பின்னாடி அதுல கால் தொங்கும். தோள் வர்ற இடத்துல இன்னொரு 8 செமீ கம்பிய குறுக்க வெச்சு ஒரு சுத்து சுத்துங்க, அது கைக்கு.

இப்ப நிதானமா படிக்க வேண்டிய இடம். மேல இருக்கற வளையத்தோட ஓட்டை எந்தப் பக்கம் பாக்குது?

செயின் கழுத்துல இடமிருந்து வலமா ஓடும். அது நேரா வளையத்துக்குள்ள போகணும்னா ஓட்டை பொம்மையோட காது பக்கம் பாக்கணும். ஓட்டை மூக்கு இருக்கற பக்கம் பாத்துதுன்னா, செயின் உள்ள போனதும் பொம்மை கால் வட்டம் திரும்பிக்கும், உங்களப் பாக்கறவங்களுக்கு ஒரு காது மட்டும்தான் தெரியும். நடுவுல ஒரு ஜம்ப் ரிங் மாட்டினா கணக்கு தலைகீழ்: இப்ப ஓட்டை மூக்கு பக்கம் பாக்கணும், ஜம்ப் ரிங்கோட ஓட்டை காது பக்கம் பாக்கும், செயின் அதுக்குள்ள போகும். அதாவது ஒவ்வொரு ரிங்கும் ஒரு கால் வட்டம் திருப்பும். ரெண்டு ரிங் போட்டா மறுபடி முதல் கணக்கு. எனக்குப் பிடிச்சது ஒரு ஜம்ப் ரிங் வழி, ஏன்னா செயின் மாத்தறது சுலபம், வளையமும் முகத்துக்கு நேரா தட்டையா அழகா நிக்கும்.

இத ஏன் இவ்ளோ இழுக்கறேன்னா, சுட்ட பிறகு வளையத்த திருப்ப முடியாது. திருப்பினா உள்ள இருக்கற கம்பி முறுக்கு க்ளேய சேத்துத் திருப்பும், உச்சந்தலையில விரிசல் விடும். க்ளே வைக்கறதுக்கு முன்னாடி ஒரு செயின்ல வெறும் கம்பிய மாட்டி, எந்தப் பக்கம் முகம்னு கம்பியில மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சுக்கோங்க.

2. ஃபாயில் உருண்டை

கம்பி மேல ஃபாயில சுத்தி 1 செமீ முட்டை வடிவத்துல அழுத்துங்க, கரண்டி முதுகால தேய்ச்சு தேய்ச்சு இறுக்குங்க. முழுக்க க்ளேல செஞ்சா எடை ஏறும், நடுப்பகுதி சரியா வேகாது. லூசா விட்டா ஃபாயில் மடிப்புல காத்து நிக்கும், சூட்டுல அது விரிஞ்சு கன்னத்துல கொப்புளம் வரும்.

இங்கயும் தொங்கற கணக்கு ஒண்ணு இருக்கு. முகம், மூக்கு, கன்னம், எல்லாமே முன்பக்கம் சேர்ற எடை. கம்பி மண்டைக்கு நட்ட நடுவுல இருந்தா முகம் வெச்ச பிறகு முன்பக்கம் கனத்து பொம்மை குனியும். அதனால ஃபாயில கொஞ்சம் பின்பக்கமா கனமா சுத்துங்க, கம்பி உச்சந்தலையில நெத்திப் பக்கமா 2 மிமீ தள்ளி வெளிய வரட்டும். பின்னந்தலைய தட்டையா விடுங்க, நெஞ்சுல படிஞ்சு உக்காரும். மண்டைக்கும் வளையத்துக்கும் நடுவுல 2 மிமீ முறுக்கு வெளிய தெரியற மாதிரி விடுங்க, பின்னாடி தேவைப்படும்.

3. முகம்

3 மிமீ கனத்துக்கு க்ளே தகடு தட்டி உருண்டைய மூடி இணைப்ப தேய்ச்சு மறைங்க. முகத்துக்கு நேர் பாதியில ஊசியால லேசா ஒரு கோடு, கண் அந்தக் கோட்டுல. புதுசா செய்றவங்க எல்லாரும் கண்ண மேல தூக்கி வெப்பாங்க, நெத்தியே இல்லாம போயிடும். குழந்தை முகம் வேணும்னா கோட்டுக்கும் கொஞ்சம் கீழ. முகத்தோட அகலம் சுமாரா அஞ்சு கண் அகலம், ரெண்டு கண்ணுக்கு நடுவுல ஒரு கண் அளவு இடைவெளி.

டாட்டிங் டூலால குழி அழுத்தி கண்ணாடி மணிய ஓட்டை தெரியாத மாதிரி படுக்க வெச்சு பாதி ஆழம் பதிங்க. கண்ணாடி சூடு தாங்கும், பிளாஸ்டிக் மணி உருகும், இல்ல மங்கிப் போகும்.

இமைதான் முகத்துக்கு உயிர். அரை மிமீ தடிமன்ல ஒரு இழை உருட்டி ஊசி முனையில எடுத்து மணியோட மேல் விளிம்புல படுக்க வைங்க. இழையோட மேல் ஓரத்த மட்டும் சிலிகான் ப்ரஷால நெத்திப் பக்கம் தேய்ச்சு கலக்குங்க, கீழ் ஓரத்த தொடவே தொடாதீங்க. அந்தக் கீழ் ஓரம் கூரா இருந்தாதான் அதோட நிழல் மணி மேல விழும், அப்பதான் அது மணியா இல்லாம பார்வையா மாறும். வெளி ஓரத்த ஒரு நூல் கீழ இறக்கினா சோகம், ஏத்தினா குறும்பு, இந்த ஒரு இடத்துல விளையாடிப் பாக்க எவ்ளோ நேரம் ஆனாலும் தகும்.

மூக்குக்கு ஒரு சின்ன துளி, உதட்டுக்கு ரெண்டு இழை, அதே மாதிரிதான். கைரேகை விழுந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால லேசா ஒத்துங்க, தேய்க்காதீங்க.

4. சுடறது

தலைய மட்டும் முதல்ல சுடுங்க, உடம்ப செய்யும்போது முகத்துல கை பட்டு நசுங்காது. கீழ் கம்பிய ஒரு கெட்டி அட்டையில குத்தி நிமித்தி வைங்க, மேல ஃபாயில்ல ஒரு கூடாரம், இல்லன்னா ஓவனோட சூட்டுக் கம்பிக்கு கிட்ட இருக்கற மூக்கு பழுப்பாகும். சூடு பாக்கெட்ல போட்டிருக்கறதுதான்: ஃபிமோ 110 டிகிரி, ப்ரீமோ 130 டிகிரி, ரெண்டும் 30 நிமிஷம்.

ஓவன் திருகுல 130னு வெச்சா உள்ள 130 இருக்கும்னு நம்பாதீங்க, தெர்மாமீட்டர உள்ள வெச்சு அது காட்டற அளவ மட்டும் நம்புங்க. இந்த க்ளே காய்ஞ்சு கெட்டியாகற பொருள் இல்ல, உள்ள இருக்கற பிவிசி துகள் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டணும். சூடு பத்தலன்னா வெளிய கெட்டியா தெரியும், ஒரு மாசம் கழிச்சு கழுத்துகிட்ட பிட்டுக்கும். சூடு ரொம்ப ஏறி கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், உடனே ஆஃப் பண்ணி ஜன்னல திறந்துட்டு வெளிய போங்க. மைக்ரோவேவ்ல வைக்கவே கூடாது.

5. உடம்பு, தொங்கவிட்டுப் பாக்கறது

தலை ஆறினதும் கழுத்துக்குக் கீழ கம்பியில லிக்விட் க்ளே (பசை மாதிரி இருக்கற பாலிமர் க்ளே) தடவி உடம்ப கட்டுங்க. சுட்ட க்ளேயும் பச்ச க்ளேயும் தானா ஒட்டாது, நடுவுல லிக்விட் க்ளே வேணும். தோள் கம்பி ரெண்டு பக்கமும், கால் கம்பி கீழயும் வெளிய நிக்கட்டும். உடம்போட தடிமன் ஒன்றரை செமீ தாண்டக் கூடாது.

சுடறதுக்கு முன்னாடி, உடம்பு பச்சையா இருக்கும்போதே, கால் கம்பியில போடப் போற மணியையும் சும்மா கோத்து, செவுத்து ஆணியில செயின மாட்டி தொங்கவிடுங்க. பக்கவாட்டுலேருந்து பாருங்க. குனியுதுன்னா மண்டைக்கு மேல விட்டோமே 2 மிமீ முறுக்கு, அத கூர் மூக்கு குறடுல பிடிச்சு வளையத்த கொஞ்சம் முன்பக்கம் வளைங்க. வளைக்கலாம், திருப்பக் கூடாது. அதுக்கும் சரியாகலன்னா நெஞ்சுப் பக்கம் க்ளேய குறைங்க. காலுக்கு கனமான கண்ணாடி மணி போட்டா எடை கீழ இறங்கி பொம்மை இன்னும் நிமிந்து நிக்கும், அதனாலதான் நான் காலுக்கு மர மணி போடறதில்ல.

சரியா தொங்குதுன்னா மணிய கழட்டிட்டு ரெண்டாவது தடவை சுடுங்க, அதே சூடு, அதே நேரம்.

6. பெயிண்ட், தலைமுடி, கை கால்

இது வேகமா ஓடற பகுதி. 400லேருந்து 1000 வரை உப்புத்தாள தண்ணியில நனைச்சு தேய்ங்க, அக்ரிலிக் பெயிண்ட் அடிங்க. பழுப்பு கலர தண்ணியா கரைச்சு முகம் முழுக்க பூசி உடனே துணியால துடைச்சா இமை மடிப்புலயும் உதட்டுக்கு நடுவுலயும் மட்டும் தங்கி முகம் தெளிவா வரும். தலைமுடிக்கு எம்ப்ராய்டரி நூலோ கம்பளி நூலோ கொத்து கொத்தா, பிடரியிலேருந்து மேல நோக்கி ஒட்டிட்டு வாங்க, கம்பி முறுக்கு அதுக்குள்ள மறைஞ்சுடும்.

கை கால் மணிய கோத்ததும் கம்பி முனைய வளையமா மடிச்சு, மிச்சத்த தண்டுலயே ரெண்டு சுத்து சுத்தி வெட்டுங்க, வெறும் வளையமா விட்டா இழுபட்டா விரியும். ஜம்ப் ரிங்க திறக்கும்போது ரெண்டு முனையையும் வெளிய இழுக்காதீங்க, ஒண்ண முன்னாடி ஒண்ண பின்னாடி நகத்துங்க. மூடும்போதும் அப்படியே, வட்டம் கெடாது. நிக்கல் ஒத்துக்காதவங்களுக்குக் குடுக்கறதா இருந்தா செயின் 925 வெள்ளியா பாத்துப் போடுங்க.

பின்னாடி சேத்தது

நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டதால இத எழுதறேன். பொம்மை சில வாரத்துல பிசுபிசுன்னு ஆகுதுன்னா காரணம் மேல அடிச்ச வார்னிஷ்தான். நெயில் பாலிஷ், டப்பாவுல வர்ற ஸ்ப்ரே வார்னிஷ் பெரும்பாலானது, ரெண்டும் க்ளேயோட ஒத்துப் போகாது. தண்ணியில கரையற பாலியூரித்தேன் வார்னிஷ் மெல்லிசா ரெண்டு பூச்சு போதும். ஏற்கெனவே பிசுபிசுப்பு வந்துட்டா அது மேல இன்னொரு பூச்சு அடிச்சு மறைக்காதீங்க, ஆல்கஹால்ல அந்தப் பூச்ச எடுத்துட்டு மறுபடி பெயிண்ட்லேருந்து ஆரம்பிங்க.

பொம்மையோட தோலுக்குள்ள வெள்ளையா பிறை மாதிரி கறை வருதுன்னு ஒருத்தர் போட்டோ அனுப்பியிருந்தாங்க. அது க்ளேக்குள்ள மாட்டின காத்தோ ஈரமோ, வெளிர் கலர்ல அதிகமா தெரியும். பிசையும்போது மடிச்ச பக்கத்த எப்பவும் முதல்ல அழுத்துங்க, காத்து வெளிய ஓடும். வந்த கறைய எடுக்க முடியாது, கன்னத்துல சிவப்பு பூசி மறைச்சுக்கலாம்.

இதே முறையில காதணி செய்யலாமான்னு கேட்டவங்களுக்கு: தாராளமா செய்யலாம், ஆனா தலை 1 செமீக்கு மேல வேண்டாம், காது கனம் தாங்காது. காதணி கொக்கியோட வளையம் எந்தப் பக்கம் பாக்குதுங்கறது கொக்கிக்கு கொக்கி மாறும், அதனால முதல்ல கொக்கிய வாங்கி கையில வெச்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி கம்பி வளையத்த போடுங்க.

செஞ்ச பொம்மைய பிளாஸ்டிக் டப்பாவுல வைக்கறதா இருந்தா அடியில 5னு முக்கோணக் குறி இருக்கற பாலிப்ரொப்பிலீன் டப்பாவா பாருங்க. கண்ணாடி மாதிரி தெரியற கெட்டி டப்பா சிலது பச்ச க்ளே பட்டா இளகி ஒட்டிக்கும், மிச்சம் வர்ற க்ளேயையும் அதுல போட வேண்டாம்.