ஆஸ்பத்திரியில் நாம் செய்யும் தவறுகள்: கையெழுத்தில் தொடங்கி கேஸ் ஷீட் வரை

இரவு பதினொன்றரை மணி இருக்கும். மறுநாள் காலை சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நர்ஸ் ஓர் அட்டையில் நான்கு தாள்களைச் செருகிக் கொண்டுவந்து சித்தியிடம் நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலி. டாக்டர் பெயருக்கான இடமும் காலி. சித்தி நான்கிலும் போட்டுக் கொடுத்துவிட்டார். சித்தப்பா பக்கத்திலேயே, முழு நினைவோடு, தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நினைவோடு இருக்கும், 18 வயது நிரம்பிய ஒருவரின் உடம்புக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். கணவர், மனைவி, மகன் யார் போட்டாலும் அந்தக் கையெழுத்து அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவருக்கு, என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்காக வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோதே, வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது, அம்மாவின் சம்மதமும் செல்லாது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் மட்டும்தான் கதை வேறு.

ஆகவே காலிக் கோடு இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன ஆபரேஷன், யார் செய்யப்போகிறார், வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எந்த வகை மயக்க மருந்து. இந்த ஐந்தையும் நோயாளியே கேட்கட்டும். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் நமக்கு இருக்கிறது. பதில் சொல்வது அவர் கடமை. நல்ல டாக்டர்கள் படம் போட்டே விளக்குகிறார்கள். போட்ட தாளை அங்கேயே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விபத்து நேரத்தில் செய்யும் தவறு. "இது போலீஸ் கேஸ், ஜி.ஹெச். கொண்டு போங்க" என்று வாசலிலேயே சொன்னதும், அடிபட்டவரை அப்படியே திரும்ப வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், போலீஸ் சம்பிரதாயம் அப்புறம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. முதலுதவி கொடுக்காமல், ரத்தப்போக்கை நிறுத்தாமல், வேறு இடத்துக்கு அனுப்பச் சம்மதிக்காதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் காரணத்தை எழுதி, என்ன மருந்து கொடுத்தோம் என்ற விவரத்தோடு ரெஃபரல் கடிதம் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு வைத்திருக்கும் செலவு வரம்புக்குள், இலவசம். 2021 டிசம்பரிலிருந்து நடக்கும் திட்டம் இது. சேர்ந்திருப்பவற்றில் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு என்பது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "வீட்டில் வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து இழப்பீடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். மோதிய வண்டியின் நம்பர் தெரிந்தால் அதையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

பணம். அட்மிஷன் போடும்போதே எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம். ஐசியூவில் இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது இதுவரை எவ்வளவு என்று இடைக்கால பில் வாங்குங்கள். 'மருந்துகள்' என்று ஒற்றை வரியில் ஒரு லட்சம் போட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பெயரும் எண்ணிக்கையும் வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்துக் கப்போர்டில் பிரிக்காத ஊசி மருந்து, டிரிப் செட், கையுறைப் பாக்கெட் எல்லாம் இருக்கும். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே எண்ணிப் பார்மசியில் ரிட்டர்ன் கொடுங்கள். இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரி முதல் மத்திய அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. அதன் விலையையும் கம்பெனிப் பெயரையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும், பேக்கேஜ் என்று சொல்லி அதற்குள் மறைக்கக் கூடாது. கேஷ்லெஸ் இன்சூரன்ஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) என்றால், டிஸ்சார்ஜ் கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் அந்தக் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. கம்பெனியின் தாமதத்தால் ஆகும் கூடுதல் வாடகை உங்கள் தலையில் விழக் கூடாது.

பில் பாக்கிக்காக ஆளை வெளியே விடாமல் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று பம்பாய், டெல்லி உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பாக்கியை வசூலிக்க ஆஸ்பத்திரிக்குச் சிவில் வழக்கு இருக்கிறது. இறந்தவரின் உடலைத் தராமல் வைத்திருப்பது அதைவிடக் கொடுமை. அப்படி நடந்தால் வரவேற்பு மேசையில் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் 100க்கு போன் செய்யுங்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது, 'டாக்டர் ஆலோசனையை மீறி, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நாமே முடிவெடுத்துக் கிளம்பினால் அது சரி. அங்கே வசதி இல்லாமல் அவர்களே அனுப்பும்போது அதில் கையெழுத்துப் போடுவது பெரிய தவறு. பின்னால் ஏதாவது ஆனால் பழி முழுக்க நம் மேல் விழும்.

கோபத்தில் கண்ணாடியை உடைப்பதும் பணியாளரை அடிப்பதும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. இரவெல்லாம் கண்விழித்த நர்ஸை அடித்து எந்த நியாயமும் கிடைக்கப்போவதில்லை. புகாரை எழுதிக் கொடுங்கள். அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்), டீன். தனியார் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 1995 முதல் அந்த வழி திறந்திருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எல்லா மரணமும், எல்லாச் சிக்கலும் டாக்டரின் கவனக்குறைவு ஆகாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எது கவனக்குறைவு என்று காட்டுவதற்குத்தான் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சையின் முழுக் குறிப்பு, வேண்டும்.

நாம் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது இரண்டு பக்கச் சுருக்கம். எந்த நேரத்தில் எந்த ஊசி, காய்ச்சல் எத்தனை, எந்த டாக்டர் வந்து பார்த்தார், எல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று வருடம்தான் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) குறிப்பிட்டு எழுதி, இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

சித்தப்பாவுக்கு இரண்டு வருடம் கழித்து மறுபக்கமும் குடலிறக்கம் வந்தது. புது டாக்டர், முன்பு ஆபரேஷனில் உள்ளே வைத்துத் தைத்த வலை (மெஷ்) எந்த வகை என்று கேட்டார். சம்மரியில் அது இல்லை. எழுதிக் கொடுத்து மூன்றாம் நாள் கேஸ் ஷீட் காப்பி வாங்கினோம். வலையின் ஸ்டிக்கர் பதினான்காம் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தின பக்கம் அந்தச் சம்மதத் தாள். காலியாக இருந்த கோடுகளில் ஆபரேஷன் பெயரும் டாக்டர் பெயரும் யாரோ ஒருவரின் எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. 'நோயாளிக்கு அனைத்தும் விளக்கப்பட்டது' என்று ஒரு வரி. அதன் கீழே சித்தியின் கையெழுத்து.